வலைக்குள் போன பந்தும் வரப்போகும் பந்தும்

ஹேண்ட்பால் அரங்கின் ஸ்கோர்போர்டில் கோல்கீப்பர் தடுத்த பந்து ஒன்றுகூட ஏறாது. அவர் விட்ட பந்து ஒவ்வொன்றும் ஏறும். அறுபது நிமிட ஆட்டம் முடிந்ததும் பார்வையாளர்கள் அண்ணாந்து பார்க்கும் இரண்டு எண்களில் ஒன்று, முழுக்க முழுக்க அவருடைய தோல்விகளின் கணக்கு. அது வழக்கமாக இருபதைத் தாண்டும். முப்பதைத் தொடுவதும் அபூர்வமல்ல. கால்பந்தில் ஒரே ஆட்டத்தில் இருபது கோல் விட்ட கோல்கீப்பரை மறுபடி யாரும் களத்துக்கு அழைக்க மாட்டார்கள். ஹேண்ட்பாலில் இருபத்தொரு கோல் வாங்கிய அணி ஒலிம்பிக் தங்கம் வென்றிருக்கிறது. 2012 ஆகஸ்ட் 12 அன்று லண்டனில் பிரான்ஸ் ஸ்வீடனை 22–21 என்று வீழ்த்தியது. பிரான்ஸின் கோல்கீப்பர் தியெரி ஓமேயர்.

இந்த விளையாட்டில் மூன்று வீச்சுகளில் ஒன்றைத் தடுப்பவர் நல்ல கோல்கீப்பர். பத்தில் நான்கைத் தடுத்துவிட்டால் அன்றைய நாயகன் பெரும்பாலும் அவர்தான். உலகின் உச்சத் தரமே பத்துக்கு ஆறு முறை தோற்பதுதான் என்று இருக்கும் ஒரு வேலையை, ஒருவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் தளராமல் செய்திருக்கிறார். அவர் வாழ்க்கையை முன்னால் வைத்துக்கொண்டால், மனிதர்கள் மிக நெடுங்காலமாகக் கேட்டுவரும் ஒரு கேள்வி புதிதாக எழுகிறது. பலன்மேல் பற்று வைக்காமல் ஒரு செயலை முழுமையாகச் செய்ய முடியுமா? பற்று இல்லாவிட்டால் அந்தச் செயலில் உயிர் இருக்குமா?

கேள்விக்குப் போகுமுன் களத்தைப் பார்த்துவிடலாம். நாற்பது மீட்டர் நீளம், இருபது மீட்டர் அகலம், அணிக்கு ஏழு பேர். கோல் மூன்று மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் உயரமும் கொண்டது. அதற்கு முன்னால் ஆறு மீட்டர் தொலைவில் ஒரு வளைகோடு. அதற்குள் கோல்கீப்பரைத் தவிர யாரும் கால் வைக்கக் கூடாது. ஆனால் வீசுபவர் கோட்டுக்கு வெளியே எம்பி, காற்றில் மிதந்தபடியே உள்ளே வந்து, கால் தரையைத் தொடுவதற்குள் பந்தை விடலாம். பந்தின் எடை அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. வேகம் மணிக்கு நூறு கிலோமீட்டரைச் சர்வசாதாரணமாக எட்டும். கோல்கீப்பருக்குக் கையுறை கிடையாது.

ஏழு மீட்டர் தண்டனை வீச்சில், நூறு கிலோமீட்டர் வேகப் பந்து கோலை அடையக் கால் விநாடி போதும். கண் கண்டதற்கு உடல் அசையத் தொடங்கவே ஏறத்தாழ ஐந்தில் ஒரு விநாடி ஆகிறது. பந்து எங்கே போகிறது என்று பார்த்துப் பாயலாம் என்று காத்திருந்தால் காரியம் கெட்டது. வீசுபவரின் தோள், மணிக்கட்டு, எம்பும் கால், அவருடைய பழைய பழக்கம் எல்லாவற்றையும் பந்து கையை விட்டுப் போகுமுன்பே படித்துவிட வேண்டும். எதிரணியின் வீச்சுகளை வீடியோவில் போட்டுப் பார்த்துப் படிப்பதில் ஓமேயர் பெயர் பெற்றவர். அவ்வளவு படித்த பிறகும் பத்தில் ஆறு போய்விடும்.

அவர் 1976 நவம்பர் 2 அன்று ஜெர்மன் எல்லையை ஒட்டிய அல்ஸாஸ் பகுதியின் முலூஸ் நகரில் பிறந்தார். இரட்டைச் சகோதரர் கிறிஸ்தியானும் ஹேண்ட்பால் வீரர். செர்னே என்ற சிற்றூரில் ஆடத் தொடங்கி, செலெஸ்டா கழகம் வழியாக 2000இல் மோன்பெலியேவுக்கு வந்தார். 2006 முதல் 2013 வரை ஜெர்மனியின் கீல் அணி. பிறகு ஓராண்டு மீண்டும் மோன்பெலியே. 2014 முதல் 2019இல் ஓய்வு பெறும் வரை பாரிஸ் சேன் ஜெர்மேன். நாட்டுக்காக 350க்கும் மேற்பட்ட ஆட்டங்கள். ஐந்து உலகப் பட்டங்கள், மூன்று ஐரோப்பியப் பட்டங்கள், 2008இலும் 2012இலும் ஒலிம்பிக் தங்கம், 2016இல் வெள்ளி. 2008இல் சர்வதேசக் கூட்டமைப்பு அவரை உலகின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுத்தது. 2015இல் கத்தாரில் நடந்த உலகக் கோப்பைத் தொடரின் சிறந்த வீரரும் அவரே. அப்போது அவருக்கு வயது 38.

இந்தப் பட்டியலை நீட்டிக்கொண்டே போகலாம். ஆனால் தொடக்கத்தில் சொன்ன ஸ்கோர்போர்டு விஷயம்தான் அதிகம் யோசிக்க வைக்கிறது. கோல்கீப்பரின் வெற்றி என்பது ஒன்று நடக்காமல் போவது. பந்து வலைக்குள் போகவில்லை, அவ்வளவுதான். இல்லாததை ஒரு பொருளாக எண்ணலாமா, அதை எப்படி அறிகிறோம் என்று இந்தியத் தருக்கவாதிகள் தலைமுறை தலைமுறையாக வாதிட்டார்கள். வைசேஷிக மரபில் வந்த பிற்காலத்தவர்கள் பதார்த்தங்களின் வரிசையில் ஏழாவதாக அபாவத்தைச் சேர்த்தார்கள். மணிமேகலை சமயக்கணக்கர்களைச் சந்திக்கும் காதையில் அளவைவாதி அடுக்கிச் சொல்லும் அளவைகளுள்ளும் அபாவம் உண்டு. தடுக்கப்பட்ட பந்து அந்த வாதத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. விழாத கோலை எந்தப் பலகையும் காட்டாது. ஆனாலும் 22–21 என்ற கணக்கில் இடைவெளி ஒன்றே ஒன்று என்னும்போது, விழாத ஒவ்வொரு கோலும் தங்கப் பதக்கத்தின் காரணங்களுள் ஒன்றாகி நிற்கிறது. இப்படிப்பட்ட வேலையைச் செய்பவருக்குப் பலன் என்பது எது? எதன்மேல் அவர் பற்று வைப்பார்?

இங்கே முதலில் வந்து நிற்பவர் எபிக்டெட்டஸ். பிறப்பால் அடிமை; பின்னாளில் கிரேக்க நாட்டு நிக்கோபோலிஸ் நகரில் பள்ளி நடத்திய ஸ்டோயிக் ஆசான். அவருடைய பேச்சுகளை மாணவர் அர்ரியன் எழுதி வைத்தார். அவற்றில் ஓரிடத்தில், அக்கறையும் அமைதியும் ஒரே மனத்தில் எப்படிக் குடியிருக்கும் என்பதை விளக்கப் பந்தாட்டத்தையே அவர் எடுத்துக்கொள்கிறார். நன்றாக ஆடுபவர்கள் யாரும் பந்தை நல்லதென்றோ கெட்டதென்றோ நினைப்பதில்லை, அதை எறிவதிலும் பிடிப்பதிலும்தான் அவர்கள் கவனம் என்பது அவர் வாதம். அடுத்த அடியில் சாக்ரடீஸிடம் தாவுகிறார். நீதிமன்றத்தில் நின்ற சாக்ரடீஸும் பந்துதான் ஆடினார். சிறையும் நஞ்சும் மனைவி மக்களைப் பிரிவதும்தான் அவர் கையிலிருந்த பந்து. அதையும் அவர் திறமையோடு ஆடினார் என்கிறார். விளையாட்டைப் பற்றிப் பேசிய தத்துவவாதிகளில் இவ்வளவு தூரம் அதை மதித்தவர்கள் குறைவு.

ஸ்டோயிக் மரபில் இன்னொரு பழைய உவமை வில்லாளி. குறி தவறாமல் எய்ய வேண்டியதெல்லாம் செய்வது வில்லாளியின் வேலை. அம்பு தைப்பது அவர் கையில் இல்லை. காற்று அடிக்கலாம், குறி நகரலாம் என்பது கருத்து. சிசரோவின் நூலொன்றில் கேட்டோ இதைச் சொல்கிறார். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பண்டைய உலகிலேயே இதற்கு எதிர்ப்பு வந்தது. அம்பு தைப்பது முக்கியமில்லை என்றால் எதற்காகக் குறிபார்க்க வேண்டும்? தைக்க வேண்டும் என்பதற்காக அல்லாமல், குறிபார்க்கும் வேலையை முழுதாகச் செய்தோம் என்பதற்காகவே குறிபார்ப்பவர் வில்லாளியா என்று புளூட்டார்க் கடுமையாகவே கேட்டார். கோல் கம்பங்களுக்கு நடுவே நிற்பவரிடம் போய், பந்து உள்ளே போனாலும் போகாவிட்டாலும் உனக்கு ஒன்றுதான் என்று சொன்னால், அவர் கையைத் தூக்குவதற்கே காரணம் இல்லாமல் போய்விடும். புளூட்டார்க்கின் கேள்விக்கு எளிதாகப் பதில் சொல்லிவிட முடியாது.

ஓமேயரின் சுபாவமும் புளூட்டார்க் பக்கம்தான் சாய்கிறது. அவர் அமைதியின் திருவுருவம் அல்லர். ஒரு பந்தைத் தடுத்ததும் முஷ்டியை மடக்கி, கழுத்து நரம்பு புடைக்க அலறுவார். அரங்கமே திரும்பிப் பார்க்கும். கோல் விழுந்தால் முகத்தில் சினம் அப்பட்டமாகத் தெரியும். பயிற்சியில்கூடக் கோல் விடப் பொறுக்காதவர் என்று அவரைப் பற்றிப் பரவலாகச் சொல்வார்கள். பலனைப் பற்றிக் கவலைப்படாத யோகி என்று அவரை வருணித்தால், அவர் ஆடியதைப் பார்த்த யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பிரெஞ்சு மண்ணில் பிறந்த பாஸ்கல் இந்த இடத்தில் துணைக்கு வருகிறார். 1662இல், நாற்பது வயதை எட்டாமலே இறந்துபோன கணித மேதை. ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உடையவர். அவர் விட்டுச் சென்ற குறிப்புகளில் சூதாட்டக்காரர் ஒருவரைப் பற்றிய சிந்தனை இருக்கிறது. தினமும் அவர் ஜெயிக்கக்கூடிய பணத்தைக் காலையிலேயே கொடுத்து, இன்று ஆடாதே என்று சொன்னால் வாடிப்போவார். பந்தயமே இல்லாமல் சும்மா ஆடு என்றாலும் சலித்துப்போவார். பணம் மட்டும் போதாது, ஆட்டம் மட்டும் போதாது. அந்தப் பணம் கிடைத்தால் மகிழ்ச்சி வந்துவிடும் என்று தன்னைத்தானே நம்பவைத்து, அதன்மேல் ஆசையையும் சினத்தையும் அச்சத்தையும் தானே மூட்டிக்கொண்டால்தான் அவருக்கு ஆட்டம் ஆட்டமாகிறது. பாஸ்கலின் முடிவு இரக்கமற்றது: தன் நிலையாமையைத் திரும்பிப் பார்க்கப் பயந்து மனிதன் இப்படிக் கவனத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

ஆசை, சினம், அச்சம். பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில், நிலைத்த அறிவுடையவன் யார் என்று அர்ஜுனன் கேட்கும்போது, கிருஷ்ணர் சொல்லும் இலக்கணத்திலும் இதே மூன்றும் வருகின்றன. அவை நீங்கியவனே அப்படிப்பட்டவன். ஒருவர் இந்த மூன்றும் இல்லாமல் ஆட்டமே இல்லை என்கிறார். மற்றவர் இந்த மூன்றும் போனால்தான் மனிதன் நிலைபெறுவான் என்கிறார். பாஸ்கலுக்கு கீதை தெரிந்திருக்க வழியில்லை. இருந்தும் எங்கோ இருந்துகொண்டு இருவரும் ஒரே மூன்று கயிறுகளைப் பிடித்து எதிரெதிர்த் திசையில் இழுக்கிறார்கள்.

கீதையின் பெயரைச் சொல்லி, பலனை எதிர்பார்க்காதே என்ற ஒரே அறிவுரையோடு நிறுத்திவிடுவது பரவலான பழக்கம். அந்தப் புகழ்பெற்ற சுலோகம் இரண்டாம் அத்தியாயத்தில் நாற்பத்தேழாவது. அதற்குப் பத்து சுலோகங்கள் முன்னால் கிருஷ்ணர் என்ன சொல்கிறார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. போரில் மடிந்தால் சுவர்க்கம், வென்றால் பூமி என்று அங்கே அவர் பலனைத்தான் அர்ஜுனன் முன்னால் நீட்டுகிறார். அடுத்த சுலோகத்திலேயே வெற்றி தோல்வியைச் சமமாகக் கொள் என்கிறார். முரணாகத் தோன்றும் இந்த இரண்டும் அருகருகே இருப்பது தற்செயல் அல்ல. பலனைக் காட்டித்தான் எழுப்ப வேண்டியிருக்கிறது. எழுந்து நின்றவனிடம்தான் சமநிலையைப் பற்றிப் பேச முடிகிறது. வில் கீழே கிடக்கும்போது சமநிலை பேசுவது வெறும் சோர்வுக்கு நல்ல பெயர் சூட்டுவதாகிவிடும்.

இந்த இடத்தில் ஹேண்ட்பாலின் ஒரு சின்ன நடைமுறை பெரிய விளக்கத்தைத் தருகிறது. கோல் விழுந்ததும் ஆட்டம் நடுக்கோட்டிலிருந்து உடனே தொடங்கலாம். எதிரணி கொண்டாடித் திரும்பி வருமுன் பந்தை நடுவுக்குக் கொண்டுபோனால் அவர்கள் தற்காப்பு அமையாமல் இருக்கும். அது பெரிய ஆதாயம். ஆகவே கோல் விட்ட கோல்கீப்பர் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. சற்றுமுன் தன்னைத் தாண்டிப் போன அதே பந்தை வலைக்குள்ளிருந்து தன் கையாலேயே பொறுக்கி எடுத்து, தன் அணிக்காரரிடம் பிழையில்லாமல் எறிய வேண்டும். சில விநாடிகள்தான். அதற்குள் சினம் எறிதலாக மாறியிருக்க வேண்டும். மாறவில்லை என்றால் எறியும் பந்து தவறும். தவறினால் இன்னொரு கோல்.

ஓமேயரின் சினத்தை இந்தச் சில விநாடிகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர் கோல் விழுந்ததைப் பொருட்படுத்தாதவர் அல்லர், நிறையவே பொருட்படுத்தினார். ஆனால் அந்தச் சினத்துக்கு அவர் கொடுத்த ஆயுள் மிகக் குறைவு. பற்றின்மை என்று பெரியவர்கள் சொன்னது இதுவாகத்தான் இருக்க வேண்டும்: ஏற்கெனவே உள்ளே போய்விட்ட பந்தின் பிடியில் சிக்காமல் இருப்பது. வரப்போகும் பந்தின்மேல் பற்று இருக்கலாம். இருந்தே ஆக வேண்டும். புளூட்டார்க்கின் கேள்விக்கும் இதுவே பதிலாகிறது. அம்பு வில்லில் இருக்கும்வரை தைக்க வேண்டும் என்ற ஆசை முழுதாக இருக்கட்டும். நாணை விட்டுப் போன பிறகு அந்த ஆசைக்கு அங்கே வேலை இல்லை. வள்ளுவர் ஆள்வினையுடைமையை அடுத்தே இடுக்கணழியாமையை வைத்ததும் இந்த வரிசையைத்தான் நினைவூட்டுகிறது. முதலில் முயற்சி, அப்புறம்தான் உடையாமை.

வெறும் வாதமாக இது நின்றுவிடக் கூடாது. 2003இல் மோன்பெலியே ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கின் இறுதியில் ஸ்பெயினின் போர்ட்லண்ட் சான் அன்டோனியோவைச் சந்தித்தது. அப்போது இறுதிப் போட்டி இரண்டு ஆட்டங்கள் கொண்டது. பாம்ப்லோனாவில் நடந்த முதல் ஆட்டத்தில் மோன்பெலியே 19–27 என்று தோற்றது. எட்டு கோல் பின்தங்கி ஊருக்குத் திரும்பினார்கள். அந்த இருபத்தேழையும் மனத்தில் சுமந்துகொண்டு ஒரு கோல்கீப்பர் இரண்டாம் ஆட்டத்தில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எளிதில் ஊகிக்கலாம். இரண்டாம் ஆட்டத்தின் முடிவு 31–19. அந்தக் கோப்பையை வென்ற முதல் பிரெஞ்சு அணி என்ற பெயர் மோன்பெலியேவுக்குக் கிடைத்தது. ஓமேயர் தங்கம் வென்ற உலகக் கோப்பை இறுதிகளையும் அடுக்கிப் பார்க்கலாம். 2009இல் ஸாக்ரெபில் குரோவேஷியாவிடம் பிரான்ஸ் வாங்கியது 19 கோல். 2011இல் மால்மோவில், கூடுதல் நேரம் வரை நீண்ட ஆட்டத்தில் டென்மார்க்கிடம் 35 கோல். இரண்டுக்கும் கிடைத்தது ஒரே தங்கம்தான். கீல் அணி 2011–12 பருவத்தில் ஜெர்மன் லீக்கின் 34 ஆட்டங்களையும் வென்றது. ஒன்றில்கூடத் தோல்வி இல்லை, சமனும் இல்லை. அந்தக் குறையற்ற பருவத்திலும் கீலின் வலைக்குள் பந்து பல நூறு முறை போனது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2007 உலகக் கோப்பையின் அரையிறுதி கொலோனில் நடந்தது. எதிரே போட்டியை நடத்தும் ஜெர்மனி. இரண்டு முறை கூடுதல் நேரம் போனது. கடைசி நொடிகளில் பிரான்ஸின் மிக்காயேல் கிகூ அடித்த கோல் செல்லாது என்று நடுவர் ஊதிவிட, பிரான்ஸ் 31–32 என்று தோற்றது. பிரெஞ்சு ரசிகர்களிடம் அந்த விசில் இன்றும் ஆறாத புண். 2017இல் அதே கொலோன் நகரில் சாம்பியன்ஸ் லீக் இறுதி; ஓமேயரின் பாரிஸ் அணிக்கு எதிரே மாசிடோனியாவின் வர்தார். ஆட்டம் சமனில் முடியப்போகிறது என்றிருந்த கடைசித் தருணத்தில் வர்தாரின் இவான் சூபிச் கோல் அடித்தார். 24–23. அதற்குப் பிறகு வருவதற்கு அடுத்த பந்து இல்லை. போன பந்தை விட்டுவிட்டு வரும் பந்தைப் பார் என்ற வழி, இனிப் பந்தே வராது என்ற இடத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. பாஸ்கல் சுட்டிக்காட்டிய வெறுமை உண்மையில் அங்கேதான் தலைகாட்டுகிறது. அவர் முழுதாகத் தவறியவர் அல்லர்.

ஒரு தடுப்பு யாருடையது என்ற கேள்வியும் இதோடு பிணைந்தது. க்ளோட் ஒனெஸ்டா 2001 முதல் 2016 வரை வழிநடத்திய பிரெஞ்சு அணியில், கோலுக்கு முன்னால் திதியே தினார் போன்ற தற்காப்பு வீரர்கள் சுவராக நின்றார்கள். தற்காப்பு வீரர் கைகளை உயர்த்தி ஒரு பக்கத்தை அடைப்பார். மறுபக்கம் கோல்கீப்பரின் பொறுப்பு. தினாரின் கை இல்லாமல் ஓமேயரின் கை இல்லை. எந்தச் செயலுக்கும் காரணங்கள் ஐந்து என்று கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் எண்ணுகிறது: இடம், செய்பவர், கருவிகள், பலவகை முயற்சிகள், கடைசியாகத் தெய்வம். செய்பவர் ஐந்தில் ஒருவரே. ஓமேயரின் பதக்க வரிசையே இதற்குச் சாட்சி. 2001இல் பாரிஸின் பெர்சி அரங்கில் பிரான்ஸ் ஸ்வீடனை வென்றபோது முதன்மை கோல்கீப்பர் ப்ரூனோ மார்த்தினி. இளைஞரான ஓமேயர் மாற்று வீரர்களில் ஒருவர். 2017இல் அதே அரங்கில் நார்வேயை வென்றபோது தொடரின் சிறந்த கோல்கீப்பராகத் தேர்வானவர் வின்சென்ட் ஜெரார். நாற்பது வயது ஓமேயர் அவருக்குத் துணை. அவருடைய ஐந்து உலகத் தங்கங்களில் முதலும் கடைசியும் பெரும்பாலும் மற்றவர் கைகளில் விளைந்தவை. அதனால் அவை மதிப்புக் குறைந்தவை என்று யாரும் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. மற்றவர் தடுப்பதைப் பெஞ்சிலிருந்து பார்த்து மனதார மகிழ்வதும் ஒரு பயிற்சியே; களத்தில் தடுப்பதைவிட அது கடினமாகக்கூட இருக்கலாம்.

கடினம் என்பதற்குக் காரணம் உண்டு. களத்தில் நிற்பவருக்கு ஆசையும் அச்சமும் சினமும் வந்தால் அடுத்த விநாடியே அவற்றைக் கரைத்துக்கொள்ள ஒரு செயல் கிடைக்கிறது. வெளியே உட்கார்ந்திருப்பவருக்கு அது கிடைப்பதில்லை. உணர்ச்சி மட்டும் உள்ளேயே சுழல்கிறது. கீதையின் எச்சரிக்கை ஆடுபவரைவிட, ஆட முடியாத நிலையில் இருந்துகொண்டு பலனுக்காகக் காத்திருப்பவருக்கே அதிகம் பொருந்துகிறது. பெற்றோர், ஆசிரியர், பயிற்சியாளர், ரசிகர் எல்லாரும் அந்த வரிசையில் வருகிறார்கள். 2019இல் ஓய்வு பெற்ற ஓமேயரும் அந்தப் பக்கம் வந்தார். பாரிஸ் கழகத்தின் ஹேண்ட்பால் பிரிவிலேயே நிர்வாகப் பொறுப்பை ஏற்றார். அவர் கோல்கீப்பராக இருந்த ஐந்து பருவங்களிலும் அந்த அணி சாம்பியன்ஸ் லீக்கை வெல்லவில்லை. அந்தக் கோப்பைக்குத் தகுந்த அணியை அமைப்பது அந்தப் பொறுப்பில் அவருடைய வேலைகளில் ஒன்றாயிற்று. பந்தைத் தடுப்பது வேறொருவர் வேலை.